சாமானுக்குப் பலகை உண்டு

சவுக்குமேடு ஸ்டேஷனுக்கு மேம்பாலம் வேண்டும் என்று முதன்முதலில் குரல் கொடுத்த பெருமை ஹிதாயத்துல்லா மரைக்காயரையே சேரும். அவருக்கு இடுப்புக்குக் கீழே நடமாட்டம் இல்லை, சக்கர நாற்காலியில் போகிறவர் என்பது அப்போது ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கே தோன்றவில்லை என்பதுதான் இதில் விசேஷம்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில், சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே, ரயில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிற இடம்தான் சவுக்குமேடு. டிக்கெட் கொடுக்கிற கட்டடம் ஊர்ப் பக்கம். சிதம்பரம் வண்டி நிற்பது எதிர்ப் பக்கம். நடுவில் தண்டவாளத்துக்குக் குறுக்கே பலகை பாவிய ஒரு பாதை இருந்தது. மனிதர்கள், ஆடுகள், காடாம்புலியூர்ப் பலாப்பழம் ஏற்றிய தள்ளுவண்டி, மரைக்காயரின் நாற்காலி எல்லாம் அந்த வழியாகத்தான் போய்வந்தன. ரயில் வருகிற வேகத்துக்கு, தண்டவாளத்தில் மேய்கிற ஆடு மேய்ந்து முடித்து, அசைபோட்டு, பிறகு நகர்ந்தாலும் நேரம் மிச்சமிருக்கும்.

ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. நைலான் சட்டை வந்தது. டிரான்சிஸ்டர் வந்தது. பக்கத்து ஸ்டேஷனுக்கு மேம்பாலம் வந்தது. அந்த ஊர்க்காரன் ஒருத்தன் கல்யாண விருந்தில், "உங்க ஊர்ல இன்னும் தண்டவாளத்து மேலதான் நடக்குறீங்களா பாய்?" என்று கேட்டுவிட்டான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போக வேண்டிய கட்டம். எழ முடியாததால் மரைக்காயர் பிரியாணித் தட்டை மட்டும் தள்ளி வைத்தார்.

மரைக்காயர் கோபத்தை மறக்கிற மனிதர் அல்ல. மற்றவர்கள் வெற்றிலை போடுவதுபோல் அவர் பழைய கோபத்தைப் போட்டு மெல்லுவார், துப்ப மாட்டார். மறுநாளே மச்சான் கிபாயத்துல்லாவை நாற்காலியைத் தள்ளச் சொல்லி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்.

"மச்சான், பாலம் வந்தா நீங்க எப்படி ஏறுவீங்க?" என்று கிபாயத்துல்லா தள்ளிக்கொண்டே கேட்டான்.

"பாலம் ஏறுறதுக்கா? ஊர் மானத்துக்கு."

இதில் அவரைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. அவர் சொந்த வீட்டு விவகாரமே அப்படித்தான். பினாங்கில் கடை வைத்திருந்தபோது வெங்காய மூட்டை அடுக்கு சரிந்து இடுப்பில் விழுந்து, நாற்காலியோடு ஊர் திரும்பினார். "வாசப்படியை இடிச்சு சரிவாப் பண்ணிடலாமாங்க?" என்று மனைவி ஜொஹரா பீவி கேட்டாள். "எங்க வாப்பா கட்டுன வாசல். இடிச்சா எதிர் வீட்டுக்காரன் வாசல் உசந்து போயிடும்" என்றார். அன்று முதல் கொல்லையில் ஆடுகள் போகிற வழியாகத்தான் அவர் போய்வருகிறார். முன்வாசல் விருந்தாளிகளுக்கும் கௌரவத்துக்கும்.

பாலம் வந்தது. திறப்பு விழாவில் மரைக்காயரை மாலை போட்டு, பாலத்தின் அடியில் உட்காரவைத்தார்கள். திறந்துவைத்த அதிகாரி, "பொதுமக்கள் நலன் கருதி, இனி யாரும் இருப்புப்பாதையைக் கடக்க வேண்டிய அவசியம் இல்லாத ஒரு பொற்காலம் பிறந்துவிட்டது" என்றார். எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியவர் மரைக்காயர்தான். அவருக்கு வேலை செய்கிற உறுப்பு அதுவும் வாயும்தானே.

மறுநாள் பலகைப் பாதைக்கு இரும்பு கேட் போட்டுப் பூட்டினார்கள். காரணம் நியாயமானது. பாதை திறந்திருந்தால் ஜனங்கள் பாலத்தில் ஏற மாட்டார்கள். ஏறாவிட்டால், பாலம் எதற்குக் கட்டினீர்கள் என்று மேலிடத்தில் கேட்பார்கள். ஆகவே பாலத்தைக் காப்பாற்ற வேண்டியது ஸ்டேஷனின் கடமை ஆயிற்று. கேட்டில் ஒரு பலகை தொங்கியது: "இவ்வழி சாமான்களுக்கு மட்டும்."

மரைக்காயர் அதைப் படித்துப் பார்த்து, "நல்லது. கண்டவனும் குறுக்கே போறது நின்னுச்சு" என்றார். கண்டவன் யார் என்று அவர் யோசிக்கவில்லை. அப்போது அவருக்கு எங்கும் போகிற வேலை இல்லை.

வேலை சிதம்பரத்திலிருந்து வந்தது. அங்கே வாழ்க்கைப்பட்ட மகள் சுல்தானாவுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. ஏழாம் நாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு பெயர் வைக்கிற விருந்து.

"வாப்பா பேரை வைக்கணும். கவுஸ் மொய்தீன்" என்றார் மரைக்காயர், சேதி கேட்ட உடனே.

"சம்பந்தி அவரு வாப்பா பேரை வைக்கப்போறதா சொல்றாராம். சேக் தாவூது" என்றாள் ஜொஹரா பீவி.

சம்பந்தி என்றால் முஹம்மது யூசுப். அவர்மேல் மரைக்காயருக்கு ஒரு கோபம் உண்டு. இருக்கிற கோபங்களிலேயே நல்ல சாதிக் கோபம். சுல்தானா கல்யாணத்தன்று யூசுப் வீட்டு உயரமான படியில் நான்கு பேர் மரைக்காயரை நாற்காலியோடு தூக்கினார்கள். யூசுப் வாசலில் நின்றுகொண்டு, "மெதுவா, மெதுவா. சந்தூக்கு மாதிரி சாயாம தூக்குங்கப்பா" என்றார். சந்தூக்கு என்பது இறந்தவர் உடலை வைத்துத் தூக்கிப் போகிற பெட்டி. சபை சிரித்தது. மரைக்காயர் அன்றே சபதம் எடுத்தார்: இனி உயிரோடு இருக்கிறவரை தன்னை யாரும் தூக்கக் கூடாது. போனால் உருண்டுதான் போவார்.

பஸ்ஸில் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பஸ்ஸுக்கும் படி உண்டு. மேலும் பஸ் முதலாளியோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. மாட்டு வண்டியில் ஏறவும் தூக்கத்தான் வேண்டும். ஆக, பேரன் காதில் யார் வாப்பாவின் பெயர் விழும் என்பது சவுக்குமேடு கேட்டில் வந்து நின்றது.

ஏழாம் நாள் காலை மரைக்காயர் சலவைச் சட்டை, அத்தர் வாசனை சகிதம் ஸ்டேஷனுக்கு வந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் தியாகேசன் நல்ல மனிதர். நெற்றியில் விபூதி, இடுப்பில் சாவிக்கொத்து, மனதில் எப்போதும் ஒரு பயம்.

"சார், நான் சிதம்பரம் போவணும். பாலத்துல ஏற முடியாது. இதுக்கு ரூல் என்னா சொல்லுது?" என்றார் மரைக்காயர். ஆபீசர்களிடம் ரூலைக் கேட்டால்தான் மதிப்பார்கள் என்பது பினாங்கில் அவர் கற்ற பாடம்.

ரூல் என்ற சொல் காதில் விழுந்ததும் தியாகேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆளா இருந்தா பாலம். சாமானா இருந்தா கேட்."

"நான் ஆளுதான்."

"அப்போ பாலம்."

"நாற்காலி?"

"அது சாமான். தாராளமா கேட் வழியாப் போலாம். நீங்க மட்டும் எறங்கிப் பாலத்து வழியாப் போயி, அந்தப் பக்கம் ஏறிக்குங்க."

கிபாயத்துல்லா, "எறங்கி நடக்க முடிஞ்சா நாற்காலி எதுக்கு சார்?" என்றான்.

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றார் தியாகேசன், உண்மையான அனுதாபத்தோடு.

பார்சல் குமாஸ்தா சிற்சபேசன் உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மூளைக்காரர். "சார், பாயையும் சேத்துப் பார்சலா புக் பண்ணிட்டா? கேட்டும் தெறக்கலாம், சாமான் பெட்டியில பலகை போட்டு உருட்டி ஏத்திடலாம். அந்தப் பக்கம் எறக்குறப்பவும் பலகை. யாரும் தூக்க வேணாம்."

மரைக்காயர் சிந்தனையில் ஆழ்ந்தார். இத்தனை வருஷமாக அவர் எங்கே போனாலும் படி. தாலுகா கச்சேரிக்குப் படி, ஆஸ்பத்திரிக்குப் படி, கால் ஒடிந்தவனைப் பார்க்கிற டாக்டர் அறை மாடியில். ஆனால் அரிசி மூட்டைக்கும் பலாப்பழத்துக்கும் போகிற இடமெல்லாம் பலகை. இந்த தேசத்தில் சாமானாகப் பிறக்காமல் போனோமே என்று முதல் தடவையாக அவருக்கு வருத்தம் வந்தது.

"பார்சலுன்னா, என்னா சாமானுன்னு போடுவீங்க?"

சிற்சபேசன் விரலைத் தொட்டுத் தொட்டு யோசித்தார். "உயிருள்ளதுன்னா ஆடு, மாடு, கோழி. தண்ணி காட்ட கூட ஒரு ஆள் வரணும்."

"தண்ணி நான் காட்டுறேன்" என்றான் கிபாயத்துல்லா.

"வாயை மூடுறா" என்றார் மரைக்காயர்.

"இல்லேன்னா சவம். அது ரொம்பச் சுலபம். டாக்டர் சர்டிபிகேட் ஒண்ணு போதும். ஆனா சிதம்பரம் வரைக்கும் நீங்க பேசக் கூடாது."

"அது முடியாது" என்று மரைக்காயரும் கிபாயத்துல்லாவும் ஒரே குரலில் சொன்னார்கள்.

கடைசியில், மெத்தை வைத்த நாற்காலி என்று முடிவாயிற்று. நாற்காலி அது, மெத்தை இவர். தராசில் உருட்டி எடை பார்த்தார்கள். சுமைகாரர் கண்ணாயிரம் பசை தடவி நாற்காலியின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டினார். 'உடையக்கூடியது' என்ற இன்னொரு சீட்டை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் மரைக்காயரின் நெஞ்சில் ஒட்டினார்.

"நாற்காலிக்கு ஏற்கெனவே ஏதாவது சேதம் உண்டா?" என்று கேட்டார் சிற்சபேசன். "பின்னால எங்க தலையில விடியக் கூடாது பாருங்க."

"நாற்காலி நல்லாருக்கு. மெத்தைக்குத்தான் கால் ரெண்டும் விளங்காது" என்றார் மரைக்காயர்.

அதையும் எழுதிக்கொண்டார்கள். அனுப்புகிறவர் கிபாயத்துல்லா. வாங்கிக்கொள்கிறவர் சிதம்பரத்தில் இருக்கிற ஆளாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை பினாங்குக் கடையில் இருந்ததால், மரைக்காயருக்குச் சிதம்பரத்தில் தெரிந்த ஒரே ஆண்பிள்ளை முஹம்மது யூசுப். பெயரைச் சொல்லும்போது நாக்கு கசந்தது. ஆனாலும் சொன்னார்.

தியாகேசன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்தார். மெத்தை வைத்த நாற்காலி ஜம்மென்று தண்டவாளத்தைக் கடந்தது. கிபாயத்துல்லா ஆளாக இருந்த பாவத்துக்கு, மூச்சு வாங்க வாங்கப் பாலம் ஏறிப் போனான். சாமான் பெட்டியில் பலாப்பழங்களுக்கு நடுவே உட்கார்ந்து மரைக்காயர் அவனைப் பார்த்துச் சிரித்தார்.

சிரிப்பு சிதம்பரம் வரைக்கும் இருந்தது. இறக்கி வைத்த கொட்டகையில் இருந்த குமாஸ்தா மரியாதையாகத்தான் சொன்னார்: "வாங்கிக்கிறவர் கையெழுத்து இல்லாம விட முடியாதுங்க. சவுக்குமேட்டுல அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்காங்க."

"நான் போடுறேன்" என்றான் கிபாயத்துல்லா.

"அனுப்பினவரே வாங்கிக்க முடியுமா? அப்புறம் அனுப்பினதுக்கு அர்த்தம் என்ன?"

லுஹர் நெருங்கிக்கொண்டிருந்தது. கிபாயத்துல்லா ஓடினான். யூசுப் வந்தார். அவர் புது ஸ்கூட்டர் வாங்கியிருந்தார். தெருவில் எடுத்தால் தூசி படும் என்பதால் நடந்தே வந்தார்.

"என்னா சம்பந்தி, பழத்தோட பழமா பழுத்துக் கெடக்குறீங்க?"

"கையெழுத்தைப் போடுங்க."

"சரக்கு நல்ல நெலமையில இருக்குதான்னு பாக்க வேணாமா?" யூசுப் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "கால் ரெண்டும் வேலை செய்யலையே."

"அது ஏறும்போதே அப்படித்தாங்க. எழுதியிருக்கு" என்றார் குமாஸ்தா.

யூசுப் குரலைத் தாழ்த்தினார். "சேக் தாவூதுன்னு ஒத்துக்குங்க. இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

"நான் இங்கேயே கெடக்குறேன்."

"எடுக்கலேன்னா ஏலம் போட்டுடுவோம்" என்றார் குமாஸ்தா, பொதுவாக.

"ஏலத்துல இதை யாரு எடுப்பா?" என்றார் யூசுப்.

சந்தூக்கைவிட அதுதான் மரைக்காயருக்கு அதிகமாக வலித்தது. தன்னை யார் ஏலம் எடுப்பார்கள் என்று அவரும் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். ஜொஹரா பீவி எடுப்பாள். அவளும் நாற்காலிக்காகத்தான் எடுப்பாளோ என்று ஒரு சந்தேகம்.

அப்போது கிபாயத்துல்லா மெல்லச் சொன்னான்: "சுல்தானா சொல்லி அனுப்பிச்சு. வாப்பா வராம நீங்க மட்டும் வீட்டுக்குத் திரும்புனா, ஸ்கூட்டர் சாவி கெணத்துக்குள்ள போயிடுமாம்."

யூசுப் கையெழுத்துப் போட்டார்.

வீட்டு வாசலில் மரைக்காயருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. அந்தப் பழைய உயரமான படி இல்லை. வழவழவென்று சிமெண்டில் ஒரு சரிவு. கிபாயத்துல்லா ஒரே தள்ளில் அவரை வாசலுக்குள் கொண்டுபோனான். மரைக்காயரின் கண் கலங்கியது. 'பாவம், மனுசன் வெளியே முள்ளு, உள்ளே பலா' என்று நினைத்தார். ஆயுளில் முதல் தடவையாக ஒருத்தரை மனதுக்குள் மன்னித்தார்.

கூடத்தின் நடுவில், கல்யாணப் பட்டுப்புடவையால் போர்த்தி, புது ஸ்கூட்டர் நின்றது.

"இதை ஏத்தத்தான் சரிவு" என்றார் யூசுப். "பாவம், வண்டி படியில ஏறுமா? கொத்தனார் ஒரே நாள்ல முடிச்சுட்டான்."

மரைக்காயர் மன்னிப்பை உடனே திரும்ப எடுத்துக்கொண்டார். ஆனாலும் யாரும் தூக்காமல் அந்த வீட்டுக்குள் வந்தாயிற்று. அதைத் தன் கணக்கில் வெற்றியாக வைத்துக்கொண்டார்.

"பிள்ளையைக் குடும்மா. பேரு சொல்லணும்."

சுல்தானா பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். "பேரு சுபுஹுக்கே வச்சாச்சு வாப்பா. உங்க ரெண்டு பேருல யாரு முந்துனாலும் அடிதடிதான். அதான் மாமா எந்திரிக்குமுன்னாடி, விடியுறதுக்குள்ளயே பள்ளிவாசல் அஜரத்தை வரச் சொல்லிட்டேன். அன்வர்."

"நம்ம குடும்பத்துல அப்படி யாரும் இல்லையே" என்றார் மரைக்காயர்.

"எங்க குடும்பத்துலயும் இல்லை" என்றார் யூசுப்.

"அதுக்குத்தான்" என்றாள் சுல்தானா.

பிள்ளை மரைக்காயரின் மடியில் சுகமாகத் தூங்கியது. திடீரென்று எழுந்து போகாத மடி அந்த வீட்டில் அது ஒன்றுதான். சாயங்காலம் வரை யாராலும் வாங்க முடியவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் மரைக்காயருக்கு நல்லது. ஆனால் சவுக்குமேட்டில் ஒரு காரியம் ஒருதடவை நடந்தால் ஏற்பாடு. இரண்டாம் தடவை நடந்தால் மரபு. மரைக்காயர் அடிக்கடி பேரனைப் பார்க்கப் பார்சலாகப் போய்வந்தார். மேலதிகாரி வந்து பார்த்து, சிற்சபேசனின் முதுகில் தட்டிக்கொடுத்தார். "நாற்காலியில் வருவோர் வசதி கருதி இங்கு பார்சல் ஏற்பாடு உண்டு" என்று புதிய பலகை தொங்கியது. மரைக்காயர் டீக்கடையில் உட்கார்ந்து, "இந்த ஏற்பாடு யாரால வந்துச்சு தெரியுமா?" என்று வருவோர் போவோரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்காலி முதுகில் ஒட்டிய சீட்டை அவர் கிழிக்கவே இல்லை. அது அவருக்குப் பட்டயம்.

ஒருநாள் காலை ஞானாம்பாள் வந்தார். தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததிலிருந்து நாற்காலிதான். சிதம்பரத்தில் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும். கையில் டிக்கெட்.

"ஸ்டேஷன் மாஸ்டர், கேட்டைத் தெறங்க" என்றார்.

தியாகேசன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்துவிட்டார். அவ்வளவுதான்.

டீக்கடையில் இருந்த மரைக்காயர் பதறிப்போனார். "என்னா சார் இது அநியாயம்? எடை போடலை, சீட்டு ஒட்டலை. அவுங்க ஆளு, சாமான் இல்லையே. ரூல் என்னாச்சு?"

தியாகேசன் விபூதி கலையாமல் பதில் சொன்னார். "மரைக்காயரே, நீங்க வந்து ரூல் என்னன்னு கேட்டீங்க. சொன்னேன். அவுங்க தெறங்கன்னு சொன்னாங்க. தெறந்தேன்."

"என்கிட்ட அப்பவே தெறந்திருக்கலாமில்ல?"

"நீங்க கேக்கவே இல்லையே."

மரைக்காயருக்கு எங்கெங்கோ உறைத்தது. ஆனால் இத்தனை நாள் பார்சலாகப் போனவர் அத்தனை சுலபத்தில் ஆளாகிவிட முடியுமா? நாற்காலியை விறுவிறுவென்று தானே உருட்டிக்கொண்டு வந்து, கேட்டின் நடுவில் நிறுத்தி, இரண்டு சக்கரத்துக்கும் கட்டை போட்டார். "நாங்கெல்லாம் முறைப்படி பார்சலா போனவங்க. அவுங்களும் தராசுல ஏறட்டும்."

ஞானாம்பாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பாய், இந்தப் பாலத்தைக் கேட்டு வாங்கின புண்ணியவான் யாரு?"

கிபாயத்துல்லா வானத்தைப் பார்த்தான். வண்டி ஊதியது.

"பாயை நகத்துங்கய்யா" என்றார் தியாகேசன். சிற்சபேசன் ஓடிவந்து தடுத்தார். "அவசரப்படாதீங்க சார். வழியை அடைச்சிருக்கிறது ஆளா, சாமானா? ஆளுன்னா நகரச் சொல்லலாம். முதுகுல சீட்டு இருக்கே. சாமானுன்னா வாங்கிக்கிறவரைக் கேக்காம நாம தொடக் கூடாது."

அதுதான் முறை என்று எல்லாருக்கும் பட்டது. மரைக்காயருக்கும் பட்டது. சிதம்பரத்துக்குத் தகவல் போயிற்று: உங்கள் சாமான் வழியில் கிடக்கிறது, வந்து எடுத்துப் போகவும். ஞானாம்பாளின் வண்டி புறப்பட்டுப் போய்விட்டது. அதற்கடுத்த வண்டியும் போயிற்று. யூசுப்பின் பதில் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது.

"எனக்கு வேண்டாம். ஏலம் போடவும்."

சேதி ஊருக்குள் பரவி, முதல் ஆளாக வந்து நின்றவள் ஜொஹரா பீவி. நாற்காலியைப் பார்த்தாள். அதில் இருந்தவரையும் பார்த்தாள்.

"மெத்தை வேணாங்க" என்றாள் சிற்சபேசனிடம். "நாற்காலியை மட்டும் தனியாத் தருவீங்களா?"

கேட் அன்று முழுக்கத் திறந்தேதான் இருந்தது. ஆடுகள் மட்டும் மரைக்காயரை உரசிக்கொண்டு போய்வந்தன.